2003-ஆம் ஆண்டின் திஸ்கி தளத்தை மறுபடி ஓடவைத்த கதை

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு சித்தப்பாவின் கைபேசியில் "கும்பகோணத்துக் குளங்கள்" என்ற தலைப்பு தமிழில் வந்து நின்றது. பின்னணி அதே வெளிர் பச்சை, ஓரத்தில் அதே சுழலும் விளக்குப் படம். அவர் அந்தத் தளத்தை 2001-இல் கட்டத் தொடங்கினார். 2004 மார்ச் மகாமகம் வரை அவ்வப்போது ஒரு பக்கம் என்று சேர்த்துக்கொண்டே போனார், அப்புறம் விட்டுவிட்டார். இலவசமாக இடம் கொடுத்த நிறுவனம் சில வருஷம் கழித்துக் கடையை மூடியது. சித்தப்பாவிடம் இருந்த மூலக் கோப்புகள் பிளாப்பியில் இருந்தன. பிளாப்பிகள் பரணில் இருந்தன. பரண் ஒழுகியது.

"வேபேக் மெஷினில் இருக்கும், எடுத்துத் தருகிறேன் சித்தப்பா" என்று பொங்கலுக்கு வாய்விட்டது நான்தான். பழைய இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேர்த்துவைத்திருக்கும் தளம் அது. ஒரு சனிக்கிழமை வேலை என்று நினைத்தேன். நான்கு சனி, ஞாயிறுகள் போயின. எங்கெல்லாம் முட்டிக்கொண்டேன் என்பதை வரிசையாக எழுதிவைக்கிறேன். பழைய தமிழ்த் தளம் எதையாவது மீட்க நினைப்பவர்களுக்கு இரண்டு வார இறுதியாவது மிச்சமாகும்.

முதலில் பட்டியல்

இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் முகவரியைத் தட்டிக் காலண்டரில் தேதி பார்த்துத் திறக்கும் வழி எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பின்னால் சிடிஎக்ஸ் என்று ஒரு நிரல் இடைமுகம் உண்டு. தளத்தின் முகவரியைக் கொடுத்து, இந்த முன்னொட்டில் தொடங்கும் எல்லாவற்றையும் தா என்றால், எடுத்த பிரதிகள் அனைத்தையும் பிரதிக்கு ஒரு வரியாகக் கொடுக்கும். ஒவ்வொரு வரியிலும் ஏழு பத்திகள் இருக்கும்: வரிசைப்படுத்தும் சாவி, 14 இலக்க நேரம், மூல முகவரி, கோப்பு வகை, நிலை எண், உள்ளடக்கத்தின் கைரேகை, அளவு.

சித்தப்பாவின் தளத்துக்கு 1,138 வரிகள் வந்தன. மனுஷர் இவ்வளவா எழுதினார் என்று ஒரு நிமிடம் மலைத்தேன். ஒரே பக்கத்தைப் பல தேதிகளில் எடுத்ததுதான் காரணம். நிலை எண் 200 (பக்கம் சரியாகக் கிடைத்தது என்று பொருள்) உள்ளவை மட்டும் போதும், கைரேகை ஒன்றாக இருந்தால் சுருக்கு என்று இரண்டு நிபந்தனை சேர்த்தேன். அந்தச் சுருக்கல் அடுத்தடுத்து வரும் வரிகளை மட்டும்தான் ஒப்பிடும். ஒரு பக்கம் மாறி, பழையபடி திரும்பியிருந்தால் மூன்று வரியும் தங்கிவிடும். மிச்சத்தைப் பைத்தான் நிரல்மொழியில் நானே கழித்தேன்.

இன்னொரு சில்லறைத் தொல்லை: பழைய வரிகள் சிலவற்றில் முகவரிக்கு நடுவே முக்காற்புள்ளி போட்டு 80 என்று துறை எண் ஒட்டியிருக்கும். அதோடு வரும் முகவரியும் அது இல்லாததும் ஒரே பக்கம்தான். என் நிரல் இரண்டாக எண்ணியது. அந்த 80-ஐ வெட்டிவிட்டேன். கடைசியில் 203 கோப்புகள் நின்றன: 64 பக்கங்கள், 131 படங்கள், உதிரியாக 8.

சித்தப்பா தன் டைரியில் 71 பக்கத் தலைப்புகள் எழுதி வைத்திருந்தார். ஆக, 7 பக்கங்கள் பிடிபடவே இல்லை.

இறக்கியதில் நடந்த இரண்டு கோளாறு

முதல் கோளாறு அவசரம். எட்டு இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்து இறக்கச் சொன்னேன். நாற்பது கோப்பு வந்ததும் 429 என்ற எண் வரத் தொடங்கியது. கொஞ்சம் மெதுவாகக் கேள் என்று அதற்குப் பொருள். நான் கேட்காமல் மறுபடி ஓட்டினேன், அடுத்து இணைப்பே கிடைக்கவில்லை. லாப நோக்கமில்லாத ஒரு அமைப்பின் கதவை எட்டுக் கையால் தட்டினால் வேறென்ன நடக்கும்? அன்று அத்தோடு விட்டு, மறுநாள் கோப்புக்கு 5 நொடி இடைவெளி வைத்து ஒரே வரிசையாகக் கேட்டேன். 203 கோப்புக்கு 17 நிமிடம்தான் ஆயிற்று. அவசரப்பட்டு இழந்தது ஒரு நாள்.

இரண்டாவது கோளாறு பெரியது. இறங்கிய பக்கங்களில் மேலே வேபேக் மெஷினின் பட்டை ஒட்டியிருந்தது. எல்லா இணைப்புகளும் ஆர்கைவின் முகவரியோடு மாற்றி எழுதப்பட்டிருந்தன. பழைய பக்கத்தை உலாவியில் மறுபடி ஓட்டிக் காட்டும் மறு ஓட்டத்துக்கு அந்த மாற்றம் தேவைதான். இல்லாவிட்டால் இணைப்பைத் தொட்டதும் செத்த தளத்துக்குப் போய்விடும். எனக்கு வேண்டியது மாற்றாத மூலம். அரை நாள் உட்கார்ந்து, சேர்த்த வரிகளைத் தேடி வெட்டும் நிரல் எழுதினேன். அது சில பக்கங்களில் சித்தப்பாவின் சொந்த வரிகளையும் சேர்த்து வெட்டியது.

தேவையே இல்லாத வேலை. முகவரியில் 14 இலக்க நேரத்துக்கு அடுத்து "ஐடி" என்ற இரண்டு எழுத்தும் ஒரு கீழ்க்கோடும் சேர்த்தால் போதும். பட்டையும் கிடையாது, மாற்றமும் கிடையாது. அன்று எடுத்த பைட்டுகள் அப்படியே வரும். மூலத் தளம் அன்று அனுப்பிய தலைப்பு வரிகளும் (பக்கத்துக்கு முன்னால் சர்வர் அனுப்பும் குறிப்பு வரிகள்) தனி முன்னொட்டோடு கூடவே வருகின்றன. அந்த முன்னொட்டை உரித்தால் 2003-இல் அந்த சர்வர் என்ன சொன்னதோ அது கையில் கிடைக்கும். அன்று மாலையே இன்னொரு 17 நிமிடம், எல்லாம் புதிதாக வந்து சேர்ந்தது.

கொக்கியும் முக்காலும்

முதல் பக்கத்தை உலாவியில் திறந்தால் தமிழ் இல்லை. "தமிழ்" என்று இருக்கவேண்டிய இடத்தில் முக்கால் பின்னக் குறி, தலையில் கோடு போட்ட ஒரு ஏ, அமெரிக்கக் காசின் சென்ட் குறி, கோடு போட்ட ஒரு யூ. இந்த நாலும் சேர்ந்து வருவதைப் பார்த்ததுமே அந்தக் காலத்துக்காரர்களுக்குப் புரிந்துவிடும்: திஸ்கி.

இன்று எல்லா மொழிக்கும் பொதுவாக இருக்கும் யுனிகோடுக்கு முன்னால் ஒரு பைட்டுக்குள் தமிழை அடைத்த குறிமுறைகளில் (எழுத்துக்கு எண் கொடுக்கும் முறைகளில்) ஒன்று அது. முதல் 128 இடங்களில் ஆங்கிலம் அப்படியே இருக்கும், மேல் 128-இல் தமிழ் வடிவங்கள். சித்தப்பா முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளில் தட்டியிருந்தார். வாசகர் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் தெரியவேண்டும் என்பதற்காக, பக்கத்தோடு இறங்கும் எழுத்துருக் கோப்பு ஒன்றும் வைத்திருந்தார். உதிரி எட்டில் அதுவும் ஒன்று. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கான வடிவம் அது. இன்றைய உலாவி எதுவும் அதைச் சீண்டாது.

லினக்ஸில் குறிமுறை மாற்றித் தரும் ஐகான்வ் கட்டளைக்குத் திஸ்கி தெரியும் என்பது எனக்கு இன்ப அதிர்ச்சி. ஒரே வரியில் 64 பக்கங்களையும் யுனிகோடாக மாற்றிவிட்டேன். மாறாத பைட்டுகள் குறுக்கே வந்து நிற்காமல் இருக்க, தெரியாததை விட்டுவிடு என்ற விருப்பத்தையும் சேர்த்தேன். தமிழ் பளிச்சென்று வந்தது. திறந்து பார்த்த ஏழெட்டுப் பக்கங்களும் சரி. மாற்றிய பக்கங்களைக் கொண்டு வார்க் கோப்பு (இணையப் பக்கங்களைச் சேமிக்கும் வடிவம், கீழே சொல்கிறேன்) செய்தேன். மூலங்கள் இருந்த அடைவை, இடம் அடைக்கிறதே என்று அழித்தேன்.

சித்தப்பாவிடம் காட்டினேன். விரல் வைத்து உருட்டிக்கொண்டே வந்தவர் பொற்றாமரைக் குளம் பக்கத்தில் நின்றார். "என்னடா இது, என் சிநேகிதர் எழுதினது. ஒரு வார்த்தைகூட விளங்கலையே?"

அந்தப் பக்கமும் இன்னும் இரண்டும் திஸ்கி இல்லை. நண்பர் தமிழக அரசின் 1999-ஆம் ஆண்டுத் தரமான டாப் குறிமுறையில் தட்டிக் கொடுத்திருக்கிறார், சித்தப்பா அப்படியே ஒட்டியிருக்கிறார். டாப் பைட்டுகளைத் திஸ்கி என்று நினைத்து மாற்றியதில் தமிழ் எழுத்தாலேயே ஆன உளறல் வந்தது. தெரியாததை விட்டுவிடு என்று நான் சொன்னபடி சில பைட்டுகளை ஐகான்வ் சத்தமில்லாமல் விழுங்கியும் விட்டது. உளறலிலிருந்து மூலத்துக்குத் திரும்ப வழியில்லை. மூலத்தை நான் அழித்தாயிற்று. மறுபடி 17 நிமிடம்.

இந்த இடத்தில்தான் முழு வேலையின் போக்கும் மாறியது. பெட்டகத்துக்குள், அதாவது சேமித்துவைக்கும் கோப்புக்குள், 2003-இன் பைட்டுகள்தான் இருக்கவேண்டும். தமிழாக்குவது திரையில் காட்டும் நேரத்தில் நடக்கட்டும். என் மாற்றுநிரலில் பிழை இருந்தால் நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம், பெட்டகத்தைத் தொடவேண்டியதில்லை. இதை முதல் நாளே யோசித்திருக்கவேண்டும்.

வார்க்

இணையப் பக்கங்களைச் சேமிக்கும் நூலகங்கள் பயன்படுத்தும் வடிவம் வார்க். 2009-இலேயே ஐஎஸ்ஓ தரமாகி (எண் 28500), 2017-இல் திருத்தப்பட்டது. ஒரு கோப்புக்குள் பதிவுகள் அடுத்தடுத்து நிற்கும். ஒவ்வொரு பதிவிலும் முகவரி, தேதி, சர்வர் அனுப்பிய தலைப்புகள், அப்புறம் உள்ளடக்கம். பைத்தானில் எழுத வார்க்ஐஓ என்ற நூலகம் போதும். என் நிரல் 60 வரியைத் தாண்டவில்லை.

தேதிக்கு நான் இறக்கிய தேதியைப் போடாமல், வேபேக் மெஷின் எடுத்த தேதியைப் போட்டேன். அப்போதுதான் மறு ஓட்டத்தில் பக்கங்கள் அந்தந்தக் காலத்தில் நிற்கும். எங்கிருந்து எடுத்தேன் என்ற முகவரியை ஒவ்வொரு பதிவிலும் தனி வரியாகச் சேர்த்தேன். யார், எப்போது, எதற்காகத் திரட்டியது என்பதைக் கோப்பின் தலையில் இருக்கும் தகவல் பதிவில் எழுதினேன். இதெல்லாம் இல்லாவிட்டால், நானே 2003-இல் நேரில் எடுத்தது போல ஆகிவிடும்.

அனுப்பும்போது சுருக்கப்பட்டதைப் பைத்தான் நூலகம் தானே விரித்துத் தந்துவிடும். தலைப்பில் மட்டும் சுருக்கியது என்று எழுதி, உள்ளே விரித்ததை வைத்தால் உலாவி குழம்பும். சுருக்கல் பற்றிய வரியை நீக்கி, நீளத்தைப் புதிதாக எண்ணிப் போட்டேன்.

அடுத்தது ஜிசிப் என்ற சுருக்கல். கோப்பு முழுவதையும் எழுதி முடித்து, கடைசியில் வழக்கமான கட்டளையால் மொத்தமாகச் சுருக்கினேன். பெயர் சரியாக இருந்தது, அளவு சரியாக இருந்தது, அட்டவணை போடும் கருவி மட்டும் முதல் பதிவிலேயே அழுதது. வார்க்கில் ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாகச் சுருக்கி ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டவேண்டும். 2,48,310-ஆவது பைட்டில் தொடங்கும் பதிவு வேண்டும் என்றால் நேராக அங்கே குதித்து அதை மட்டும் விரிக்க முடிவது அதனால்தான். நல்லவேளை, இந்தத் தப்பை எல்லோரும் செய்வார்கள் போலிருக்கிறது. வார்க்ஐஓவிலேயே மறுபடி சுருக்கித் தரும் கட்டளை ஒன்று இருக்கிறது.

கடைசியில் வாக்ஸ் கோப்பு. வார்க், அதற்கான அட்டவணை, பக்கங்களின் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே சிப் சுருக்கக் கோப்புக்குள் போட்டுத் தரும் வடிவம். வெப்ரெக்கார்டர் குழு உருவாக்கியது. சித்தப்பாவின் மூன்று வருஷ உழைப்பு மொத்தம் 6 எம்பிக்குள் அடங்கிவிட்டது. இப்போது கைபேசியில் ஒரு படம் எடுத்தாலே அந்த அளவு வரும்.

ஓடவைத்தல்

வீட்டுக் கணினியில் பார்க்க மட்டும் என்றால் பைவெப் என்ற கருவி போதும். மூன்று கட்டளை: தொகுப்பு தொடங்கு, கோப்பைச் சேர், சர்வரை ஓட்டு. 8080-ஆம் துறையில் சொந்த வேபேக் மெஷின் தயார். முதல் நாள் பரிசோதனைக்கு அதைத்தான் வைத்தேன். ஆனால் அதை ஊருக்குக் காட்ட ஒரு சர்வர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கவேண்டும். மாதாமாதம் வாடகை கட்டி 6 எம்பியைக் காவல் காப்பதற்கு எனக்குப் பொறுமை இல்லை, காசும் இல்லை.

அதனால் வபாக். மறு ஓட்டத்தின் முழு வேலையையும் உலாவிக்குள்ளேயே செய்யும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் அது. சர்வீஸ் வொர்க்கர் என்ற பின்னணி நிரல் உலாவியில் உட்கார்ந்து, பக்கம் கேட்கும் ஒவ்வொரு கோரிக்கையையும் வழிமறித்து, பதிலை வாக்ஸ் கோப்பிலிருந்து எடுத்துத் தருகிறது. நமக்குத் தேவை வெறும் கோப்புகளை வைக்க ஓர் இடம். ரீப்ளேவெப்பேஜ் என்ற ஆயத்தக் கருவியும் இதன்மேல்தான் நிற்கிறது. பக்கத்தில் ஒரு குறிச்சொல், பக்கத்து அடைவில் ஒரு வரி வொர்க்கர் கோப்பு, அவ்வளவுதான். பெரும்பாலானோர்க்கு அதுவே போதும். எனக்குத் திரையில் தமிழாக்கும் வேலை இருந்ததால் வபாக்கை நேரடியாகக் கூப்பிட்டேன்.

கூப்பிடும் முறை எளிது. வொர்க்கரைப் பதிவு செய். இன்ன பெயரில், இன்ன முகவரியில் இருக்கும் வாக்ஸைத் தொகுப்பாகச் சேர் என்று அதற்கு ஒரு செய்தி அனுப்பு. சேர்த்தாயிற்று என்று பதில் வரும்வரை காத்திரு. வந்ததும் ஒரு ஐஃப்ரேமை (பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டம்) திறந்து, தொகுப்பின் பெயர், நேரம், மூல முகவரி மூன்றையும் கோத்து அதற்குள் கொடு. பக்கம் வந்து உட்காரும்.

உட்காரவில்லை.

ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்காரவில்லை. வொர்க்கர் பதிவானது என்று உலாவியின் கருவிப் பலகை சொல்கிறது. செய்தி அனுப்பப் போனால் பக்கத்தை ஆளும் வொர்க்கர் யாருமில்லை, வெற்று என்கிறது. முதலில் அடைவுச் சிக்கல் என்று நினைத்தேன். அதிலும் ஒரு தப்பு இருந்தது: வொர்க்கர் தான் இருக்கும் அடைவையும் அதற்குக் கீழே இருப்பதையும் மட்டும்தான் ஆளும், நான் அதை ஓரமாக ஜேஎஸ் அடைவில் போட்டிருந்தேன். மேலே கொண்டுவந்தேன். அப்போதும் வெற்று. முதல் முறை திறக்கும்போது வொர்க்கர் பொறுப்பேற்கக் கொஞ்ச நேரமாகும், பொறுப்பு மாறியது என்ற நிகழ்வுக்குக் காத்திருக்கவேண்டும் என்று படித்துச் சேர்த்தேன். அப்போதும் வெற்று.

மாலை ஆறு மணிக்குக் காபி போட எழுந்தபோது மகள் வந்து சாதாரணமாகப் புதுப்பித்தாள். பக்கம் வந்துவிட்டது. காலையிலிருந்து நான் ஒவ்வொரு தடவையும் ஷிஃப்ட் விசையோடு சேர்த்துப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன், பழைய பிரதி எதுவும் தங்கிவிடக் கூடாதே என்று. அப்படிப் புதுப்பித்தால் உலாவி சர்வீஸ் வொர்க்கரை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் பக்கத்தைத் திறக்கும். அதுதான் விதி. மதியத்துக்கு முன்பே என் நிரல் சரியாகியிருக்கும், நான்தான் அதை வேலை செய்யவிடவில்லை.

இப்போது தமிழாக்கம். ஐஃப்ரேமும் வெளிப்பக்கமும் ஒரே இடத்திலிருந்து வருவதால் உள்ளே கைவிட்டுப் பார்க்கலாம். பக்கம் இறங்கி முடிந்ததும் உள்ளே இருக்கும் எழுத்துத் துண்டுகளை ஒவ்வொன்றாக நடந்து, அதைச் சுற்றியிருக்கும் எழுத்துருக் குறிச்சொல்லில் என்ன பெயர் இருக்கிறது என்று பார்த்து, திஸ்கி எழுத்துரு என்றால் திஸ்கி அட்டவணை, டாப் என்றால் டாப் அட்டவணை, ஒன்றுமில்லை என்றால் தொடாதே. சித்தப்பா பக்கத் தலைப்புகளை மட்டும் ஆங்கிலத்தில் வைத்திருந்தார், சாளரத்தின் மேற்பட்டையில் எழுத்துரு மாற்ற அன்று வழியில்லை என்பதால். எனக்கு ஒரு வேலை மிச்சம்.

அட்டவணை 128 வரி. கொம்பு விஷயம் மட்டும் கவனம். திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் நிற்கும்: "கொ" என்றால் கொம்பு, க, கால். யுனிகோடில் க முதலில். ஆகவே கொம்பைப் பிடித்துவைத்து, அடுத்த மெய்யை வெளியே விட்டு, பின்னால் கால் வருகிறதா என்று பார்த்து ஒட்டவேண்டும்.

ஓட்டினேன். மகாமகக் குளம் அருமையாக வந்தது. அடுத்த பக்கத்தில் ராஜராஜன் பாதிதான் வந்தான். ரா சரி. ஜ வரவேண்டிய இடத்தில் வளைந்த எஃப் ஒன்று. ஸ வரும் இடத்தில் மூன்று புள்ளி. ஷ, ஹ எல்லாம் இதே கதி. மற்ற தமிழெழுத்து அத்தனையும் சரியாக இருக்க, கிரந்தம் மட்டும் அடம் பிடித்தது. அட்டவணையில் தப்பு என்று நினைத்து அந்த வரிகளைப் பத்துத் தடவை சரிபார்த்தேன். சரியாகவே இருந்தன.

தப்பு இன்னும் ஒரு படி முன்னால். பக்கத்தில் குறிமுறை "பயனர் வரையறுத்தது" என்று எழுதியிருந்தது. அந்தக் காலத் தமிழ்ப் பக்கங்களில் பரவலாகப் பார்க்கலாம். பக்கத்துக்குள் அப்படி எழுதியிருந்தால் இன்றைய உலாவி அதை விண்டோஸ் 1252 என்ற மேற்கத்தியக் குறிமுறை என்று எடுத்துக்கொள்கிறது. அதில் 160-க்கு மேல் பைட் எண்ணும் யுனிகோட் எண்ணும் ஒன்றே. 128 முதல் 159 வரை அப்படி இல்லை. அங்கே 27 இடங்களில் மேற்கோள் குறி, யூரோ, மூன்று புள்ளி என்று எங்கேயோ இருக்கும் யுனிகோட் எண்கள். திஸ்கி கிரந்தத்தை வைத்திருப்பது சரியாக அந்த வரிசையில். ஜ என்பது 131. நான் 131-ஐத் தேடுகிறேன், உலாவி கையில் கொடுப்பது 402. அந்த 27-ஐயும் பைட்டாகத் திருப்பும் சின்ன அட்டவணை ஒன்றை முன்னால் வைத்ததும் ராஜராஜன் முழுசாக எழுந்தான். குறுக்கு வழியாக, தலைப்பு வரியில் குறிமுறையைச் சேர்த்துவிட்டால் இந்த அட்டவணையே வேண்டாம் என்று அலுவலக நண்பர் சொன்னார். சரிதான், ஆனால் அது பெட்டகத்தில் கைவைப்பது. வேண்டாம் என்றேன்.

கைபேசியில்

மடிக்கணினியில் எல்லாம் ஓடியதும் அதே சர்வரை வீட்டு வைஃபை வழியாகச் சித்தப்பாவின் கைபேசியில் திறந்தேன். ஒன்றுமில்லை. சர்வீஸ் வொர்க்கர் என்ற பொருளே இல்லை என்றது. சொந்தக் கணினியின் லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் சலுகை; மற்றபடி பூட்டுப் போட்ட எச்டிடிபிஎஸ் முகவரியில்தான் வொர்க்கர் வேலை செய்யும். 192 என்று தொடங்கும் வீட்டு முகவரி அதில் சேராது. ஏற்கெனவே நான் வருஷச் சந்தா கட்டி வைத்திருந்த இணைய இடத்தில் ஏற்றினேன். கூடுதல் செலவு இல்லை.

இன்னொன்றும் அப்போதுதான் கவனித்தேன். பைத்தானோடு வரும் சின்ன சர்வர், கோப்பின் நடுவிலிருந்து இத்தனை பைட் தா என்ற கோரிக்கையைக் கண்டுகொள்வதில்லை. 206 என்று பதில் தந்து துண்டை அனுப்பவேண்டிய இடத்தில் 200 என்று முழுக் கோப்பையும் அனுப்புகிறது. 6 எம்பியில் தெரியவில்லை. 600 எம்பி தொகுப்பு என்றால் வாக்ஸ் வடிவத்தின் பலனே போய்விடும். புதிய இடத்தில் 206 வருகிறதா என்று பார்த்துக்கொண்டேன், வந்தது.

சித்தப்பா முகப்பைப் பார்த்ததும் முதலில் கேட்டது: "இன்றைய தேதின்னு போட்டு 103-ன்னு வருதே, அது என்ன?"

அது அவருடைய ஜாவாஸ்கிரிப்ட். மறு ஓட்டத்தில் கடிகாரத்தையும் வபாக் பக்கம் எடுக்கப்பட்ட நாளுக்குத் திருப்பி வைத்துவிடுகிறது, ஆகவே "இன்று" என்பது 2003-இல் ஒரு நாள். வருஷத்துக்கு அவர் பயன்படுத்திய பழைய கட்டளை 1900-லிருந்து எத்தனை வருஷம் என்று எண்ணித் தரும். அந்நாளைய எக்ஸ்புளோரர் மட்டும் தன்னிஷ்டத்துக்கு 2003 என்று முழுசாகக் கொடுத்தது. அவர் பார்த்தது அதில்தான். நெட்ஸ்கேப் என்ற இன்னொரு உலாவியில் பார்த்தவர்கள் அன்றே 103 என்றுதான் பார்த்திருப்பார்கள். "யாரும் சொல்லவே இல்லையே" என்றார்.

செலவும், அடுத்த முறை செய்யப்போவதும்

காசாகச் செலவானது 380 ரூபாய், 32 ஜிபி பென்டிரைவுக்கு. அதில் வார்க், வாக்ஸ், என் நிரல்கள், ரீப்ளேவெப்பேஜின் கணினிச் செயலி எல்லாம் போட்டுச் சித்தப்பாவின் பீரோவில் வைத்தாயிற்று. பரணில் இல்லை. நேரம் கிட்டத்தட்ட 45 மணி. இதில் 20 மணியாவது வீண் அலைச்சல்.

அடுத்த முறை இறக்கியவுடன் மூலத்தை இன்னொரு இடத்தில் நகலெடுத்து, எழுத முடியாதபடி பூட்டிவிடுவேன். எழுத்துருப் பெயர்களை முதலிலேயே ஒரு பட்டியலாக எடுப்பேன். அந்த ஒரு வரித் தேடல் டாப் பக்கங்களை அரை நிமிடத்தில் காட்டிக் கொடுத்திருக்கும். கிரந்தமும் கொம்பும் நிறைய உள்ள ஒரு பக்கத்தைப் பரிசோதனைக்கு வைத்துக்கொள்வேன். மாற்றியதைத் தேடுபொறி படிக்க முடியாது என்பது இந்த ஏற்பாட்டின் குறை, ஏனென்றால் தமிழ் உருவாவது உலாவிக்குள்தான். அதற்கு யுனிகோடில் தனியாக ஒரு சாதாரணப் பிரதி போடவேண்டும், இன்னும் போடவில்லை.

போன வாரம் சித்தப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். "டேய், மகாமகக் குளத்துக்கு 19 மண்டபம்னு தட்டியிருக்கேன் பாரு. 16டா அது. மாத்திடு."

"மாத்தக் கூடாது சித்தப்பா. அது பெட்டகம். அன்னைக்கு இருந்தது அப்படியே இருக்கணும்."

"தப்பா இருந்தாலுமா?"

"தப்பா இருந்தாலும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஒரு சமரசத்துக்கு வந்தோம். ஐஃப்ரேமுக்கு வெளியே, என் பக்கத்தின் அடியில், "ஆசிரியரின் திருத்தங்கள்" என்று ஒரு பெட்டி. பெட்டகம் 2003-இல் இருக்கும், பெட்டி இன்றைக்கு இருக்கும். நேற்று வரை 11 திருத்தம் சொல்லியிருக்கிறார். கிடைக்காமல் போன 7 பக்கங்களில் 4-க்கு அச்செடுத்த தாள் அவர் டைரிக்குள்ளேயே மடித்துக் கிடந்ததாம். கொரியரில் வந்தது. ஒன்றில் காபித் தம்ளர் வைத்த வட்டம் இருக்கிறது, அதோடு சேர்த்துத்தான் ஸ்கேன் செய்திருக்கிறேன்.